ஜெர்மனி மாப்பிள்ளை

காணிக்கை உறை மேசைக்குப் போய்விட்டது. இனி அதைத் திரும்ப வாங்க முடியாது. சர்ச் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா அதைக் கைப்பையிலிருந்து எடுத்து, சர்ச் பணியாளான கோயில்பிள்ளை கையில் கொடுத்ததையும், அவர் அதைக் கொண்டுபோய் ஆராதனை நடத்துகிற ஐயரின் நாற்காலிக்குப் பக்கத்து மேசையில் மற்ற உறைகளோடு அடுக்கியதையும் பிரிசில்லா பார்த்துக்கொண்டுதான் நின்றாள். பார்த்துக்கொண்டு நின்றாள், தடுக்கவில்லை. முப்பத்துநாலு வயது. சென்னையில் பன்னிரண்டு பேரை வைத்து வேலை வாங்குகிறவள், அமெரிக்காக்காரனிடம் அது நடக்காது என்று நறுக்கென்று சொல்லத் தெரிந்தவள், பெற்ற தாயிடம் அந்த உறையைக் கொடுக்காதே என்று சொல்ல நாக்கு எழும்பாமல் நின்றாள். நேற்றுச் சாயங்காலமே பார்த்தாயிற்று. வேதப்புத்தகத்தின் மேல் கிடந்தது. பிறந்தநாள் என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, திருமண நாள் என்பதைச் சுற்றி வட்டம் போட்டு, கீழே அம்மாவின் சாய்ந்த பென்சில் எழுத்தில்: ஆல்வின் ஜெயசீலன், பிரிசில்லா, ஏழாம் வருடம். எட்டாம் வகுப்போடு நின்ற எழுத்து, ஆனால் ஒவ்வொரு புள்ளியும் அதனதன் இடத்தில் இருக்கும். இந்த ஞாயிறு வந்துட்டுப் போயேன் பிள்ளே, உன்னப் பாக்கணும்போல இருக்கு என்று போனில் குழைந்தது இதற்குத்தான். புதன்கிழமை கல்யாண நாள். அந்தந்த வாரத்தில் பிறந்தநாளும் கல்யாண நாளும் வருகிறவர்களின் பேரை ஆராதனை முடிகிற நேரத்தில் ஐயர் வாசிப்பார். பேர் கேட்டவர்கள் எழுந்துபோய் ஆல்டருக்கு முன்னால் முழங்கால் போடவேண்டும். ஐயர் ஜெபிப்பார், சபை ஒரு பல்லவி பாடி வாழ்த்தும். புருஷனும் பெண்சாதியும் ஜோடியாகப் போவார்கள். பிரிசில்லா யாரோடு போவாள்? ஆல்வின் எட்டு மாதமாகப் போரூரில் தனி வீடு எடுத்து இருக்கிறான். போன வியாழக்கிழமை வக்கீல் ஆபீசில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, சம்மதித்துப் பிரிகிறோம் என்ற மனுவில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று. தனித்தனியாக இருக்கிறார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும். கையெழுத்து தெரியாது. அதைச் சொல்லத்தான் பிரிசில்லாவும் ரயில் ஏறினாள்.

முதல் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தார்கள். அம்மா பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து, ஒரு பக்கத்தைத் தான் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை அவளிடம் நீட்டினாள். எழுத்துக் கூட்டத் தெரியாத வயதிலிருந்து நடக்கிற காரியம் அது. தையல் விட்டுப்போன நடுவை அம்மாவே கறுப்பு நூலால் தைத்து வைத்திருந்தாள். பிரிசில்லா கையைக் கட்டிக்கொண்டு, சுவரில் ஓடுகிற பெரிய திரையைப் பார்த்தாள். புத்தகத்தின் அந்தப் பாதி கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. அப்புறம் அம்மா ஒரு கையாலேயே முழுசையும் தாங்கிப் பாடினாள். பாடு, நன்றாகப் பாடு, ஜெர்மனி சொன்ன வாயாலேயே பாடு. ஜெர்மனி அம்மா கண்டுபிடித்ததுதான். போன அசனத்தன்று, சபையார் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போது, மாப்பிள்ளை வரலையா என்று யாரோ கேட்க, பிசைந்த சோறு கையிலேயே நிற்க, ஜெர்மனி போயிருக்காவ என்று சொல்லிவிட்டாள். பால்காரர் ஒரு கரண்டி கூட ஊற்றிவிட்டால் கூப்பிட்டுத் திரும்பக் கொடுக்கிற அம்மா. வரைபடத்தைக் கொடுத்தால் ஜெர்மனி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று தெரியாத அம்மா. பொய்யைப் பெற்றால் போதுமா, சோறு போட்டு வளர்க்க வேண்டாமா? அங்கே குளிர் ஜாஸ்தி, வெறும் ரொட்டிதான் கிடைக்கும், மீன் குழம்புக்கு ஏங்கிப்போனாவ என்று வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி, இப்போது ஜெர்மனி பாளையங்கோட்டைக்குள்ளேயே ஒரு தெரு மாதிரி ஆகிவிட்டது. இன்றைக்கும் மணி அடிக்கும் முன்னால், முன் பெஞ்சு ஐவி சித்தி முழுசாகத் திரும்பி உட்கார்ந்து, "மாப்பிள்ளைக்கு அங்க இப்பமும் பனியா பிரிசி?" என்று கேட்டாள். "ஜூலைல பனி இருக்காது சித்தி." "அப்பம் வரலாம்லா." அம்மா அவசரமாகக் குறுக்கே வந்தாள். "லீவு கிடைக்கணும்லா ஐவி." ஐவி சித்தி கண் பிரிசில்லாவின் கழுத்துக்குப் போய், அங்கிருந்து விரலுக்குப் போய், மோதிரம் இருக்கிறதைப் பார்த்து ஏமாந்து திரும்பியது. மோதிரம் அம்மா நேற்று ராத்திரி போடச் சொன்னது. போட்டதும் இவள்தானே. இவளும்தானே ஜெர்மனிக்கு ஒரு செங்கல் எடுத்து வைத்தாள்.

பாவ அறிக்கைக்கு முழங்கால் போட்டார்கள். சபை ஒரே குரலில் சொல்ல, எப்போதும்போல அம்மா மட்டும் அரை வார்த்தை முந்திச் சொன்னாள். அம்மாவின் அறிக்கையில் ஜெர்மனி வருமா? வராது. அது பிள்ளைக்காகச் சொன்னது, கணக்கில் சேராது. தனி வீடு விஷயம் தெரிந்த அன்று அம்மா போனில் கேட்டது மூன்றே கேள்வி. அடிக்காராட்டி? இல்லம்மா. குடிக்காரா? இல்ல. வேற யாரும் உண்டா? இல்லம்மா. "பின்ன என்னட்டி?" பின்ன என்ன. வக்கீலம்மாவும் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிக்கொண்டே இதைத்தான் கேட்டாள். அடி வாங்கியிருந்தால் காட்டுவதற்குத் தழும்பாவது இருக்கும். சோபாவையா தூக்கிக்கொண்டு வந்து காட்ட முடியும்? ஒரே சோபாவின் இரண்டு மூலையில் இரண்டு பேர், ஆளுக்கொரு இயர்போன், ஆளுக்கொரு தொடர், என்ன சாப்பிடலாம் என்று போனைத் தள்ளித் தள்ளி முக்கால் மணி நேரம், கடைசியில் வந்து சேருவது ஆறிப்போன பிரியாணி. அவன் திடீரென்று சிரிப்பான். எதற்கு என்று தெரியாது. ஏன் சிரிக்கே என்றால் இயர்போனைக் கழற்றி என்ன என்பான். ஒண்ணுமில்ல என்பாள். சண்டை போட்டால்கூடச் சேர்ந்திருந்தோம் என்று ஆகியிருக்குமே. இரண்டு பேருக்கும் சண்டை போட நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. போன வருஷம் ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல், நூற்றுமூன்று. அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆல்வின் மீட்டிங்கில் இருந்தான். எழுந்துபோய்த் தட்டத் தெம்பில்லாமல், காய்ச்சல் அடிக்குது என்று மெசேஜ் போட்டாள். பத்தாவது நிமிஷம் வாசல் மணி அடித்தது. மாத்திரை, இளநீர், தெர்மாமீட்டர்கூட. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே ஆர்டர் போட்டிருக்கிறான். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய்க் கதவைத் திறந்து வாங்கினவள் அவள்தான். மழையில் நனைந்து நின்ற அந்த மனுஷர், அப்பா வயது இருக்கும், ஹெல்மெட்டை உயர்த்தி, "காய்ச்சலாம்மா? வீட்ல யாரும் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னாள். யோசிக்காமல் வந்த வார்த்தை. போனில் ஆல்வின் கேட்டிருந்தான், வந்துச்சா? கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினாள். இதை அம்மாவிடம் சொன்னபோது அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? எவ்வளவு கரிசனம் பாத்தியா, மீட்டிங்குல இருந்தும் வாங்கிப் போட்டிருக்காவளே. அன்றைக்கு வைத்த போன்தான், அதற்குமேல் அம்மாவிடம் எதையும் விளக்குவதில்லை.

வேதபாடம் வாசிக்க ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஏறினார். உங்களுக்கு எல்லாம் இருக்குட்டி, பொறுமைதான் இல்ல. அம்மா சொல்வாள், ஐவி சித்தி சொல்வாள், சபையில் பாதிப்பேர் சொல்வார்கள். பொறுமை இல்லையா? பத்து வருஷமாக ராத்திரி ஒன்பதுக்கு மீட்டிங், காலையில் ஒன்பதுக்கு மீட்டிங், நடுவில் தூங்கினதாகப் பேர். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று மேலே இருக்கிறவன் மாதத்துக்கு ஒரு தரம் நெஞ்சில் கை வைத்துச் சொல்வான். அந்தக் குடும்பத்திலிருந்து போன மார்ச்சில் நாலு பேரை வெளியே அனுப்பும்போது பேரை வாசிக்கச் சொன்னது இவளை. எழுதிக் கொடுத்ததை மட்டும் வாசி, வேற எதுவும் பேசாத. வாசித்தாள். அதில் ஒருத்திக்கு ஏழாம் மாதம். இதைப் பொறுத்துக்கொண்டது எந்தக் கணக்கு? ஓய்வு என்று கிடைப்பதையாவது ஓய்வாக இருக்க விட்டார்களா? முதல் கல்யாண நாளுக்குக் கொடைக்கானல். மூடுபனியில் கன்னத்தோடு கன்னம் வைத்து ஒரு படம், பார்த்தவர்கள் எல்லாம் இதயம் இதயமாகப் போட்டார்கள். படம் எடுத்த கையோடு இவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சிக்னல் எங்கே கிடைக்கும் என்று மரம் மரமாக அலைந்தாள். ஆல்வின் அறையிலேயே உட்கார்ந்து, மலைக்கு வந்த இடத்தில் மலையைப் பார்க்காமல், அடுத்த வருஷம் எந்த மலை என்று போனில் தேடிக்கொண்டிருந்தான். அந்தப் படத்தைத்தான் அம்மா பிரேம் போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறாள். தினமும் விடியலில் அதற்கு முன்னால் நின்று ஜெபிக்கிறாள். படத்தில் இருக்கிற அந்த இரண்டு பேருக்காக ஜெபிக்கிறாள். அந்த இரண்டு பேரும் அந்த ஒரு நொடிக்குமேல் எங்கேயும் இருந்ததில்லையே அம்மா, யாருக்காக இந்த ஜெபம்? கோபமாக வந்தது. ஆல்வின்மேல் வருகிறதா, அம்மாமேல் வருகிறதா என்று பிரித்துப் பார்க்கப் போனால் அந்தக் கார் வந்து நிற்கும். காரை நினைக்கக் கூடாது.

பிரசங்கம். ஐயர் புதியவர், வயது நாற்பதுக்குள்தான் இருக்கும், வந்து இரண்டு வருஷம் ஆகிறது. உப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பையில் போன் ஒரு தரம் துடித்தது. பெஞ்சுக்குக் கீழே வைத்துப் பார்த்தாள். ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை, அவசரமில்லை என்று ஆரம்பிக்கிற அவசரம். அதற்குக் கீழே குடும்ப குரூப். காலையில் அம்மா அனுப்பின ரோஜாப்பூ வசனம். அதற்குப் பதிலாக, ஏழு பன்னிரண்டுக்கு, ஆல்வின் போட்ட கும்பிட்ட கை. பார்த்ததும் காது சூடாகிவிட்டது. வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டவன் ஞாயிற்றுக்கிழமை மாமியாருக்குக் கும்பிடு போடுகிறான். எட்டு மாதமாக ஒரு நாள் தவறாமல் போடுகிறான். அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் அம்மா ஸ்தோத்திரம் சொல்கிறாள், அவருக்கு மனசு மாறிட்டு வருதுட்டி என்கிறாள். குரூப்பை விட்டு வெளியே போக வேண்டியதுதானே. போகமாட்டான், அவனுக்கு யார் மனதையும் நோகடிக்க வராது, நல்லவன். நல்லவனாக இருந்தே ஆளைக் கொல்லுகிறவன். அன்றைக்குக் காரில் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் இத்தனையும் வந்திருக்காது. வந்துவிட்டது, கார் வந்துவிட்டது. சாத்தான்குளத்தில் அவன் அப்பாவை அடக்கம் பண்ணக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற கார். முன்னால் பெட்டி போகிற வண்டி, பின்னால் இவர்கள். ஆல்வின் கையில் அப்பாவின் மூக்குக்கண்ணாடி. அதன் காலை மடக்குவதும் விரிப்பதுமாக இருந்தான். இவள் காதில் இயர்போன், அதில் ஆபீஸ் மீட்டிங். ஆறு மாத வேலை அன்றைக்கு ரிலீஸ் ஆகி வாடிக்கையாளர் கைக்குப் போகிறது, சும்மா கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறேன் என்று சொல்லியிருந்தாள். யாரோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். விரல் தானாகப் போய் மைக்கைத் திறந்தது. எஸ், கோ அஹெட். ஆபீஸ் குரல், பளிச்சென்று, சிரித்த முகம் தெரிகிற குரல். கண்ணாடியின் கால் விரிந்தபடியே நின்றது. ஆல்வின் திரும்பி அவளைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தான். ஓட்டிக்கொண்டிருந்த அவன் சித்தப்பா முன் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்தார். அவ்வளவுதான். அன்றைக்கும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை, காய்ச்சலில் மாத்திரை ஆர்டர் போட்ட அன்றைக்கும் உன் கார் மாதிரிதான் என் மீட்டிங் என்று சொல்லவில்லை. கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பாள். மன்னிப்புக் கேட்க வழியே விடாமல் மன்னித்துவிட்டான், அல்லது மன்னிக்காமலே இருந்துவிட்டான், எது என்று இன்றுவரை தெரியாது. பின்ன என்னட்டி என்றால் இதைச் சொல்ல வேண்டும். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்ல? இவள் அப்பா செத்தபோது பெட்டிக்குப் பக்கத்தில் மூன்று நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்த அம்மாவிடம்.

காணிக்கைப் பை வந்தது, போனது. அறிவிப்புகளை வாசித்தார் ஐயர். பெண்கள் ஐக்கிய சங்கம் செவ்வாய்க்கிழமை, கல்லறைத் தோட்டத்தில் களை பிடுங்க வாலிபர்கள் வரவும். இன்னும் இரண்டு நிமிஷம் இருக்கிறது. வயிறு வலி என்று எழுந்து வெளியே போய்விடலாம். எத்தனை வயதில் வயிறு வலி. இல்லை, போய் முழங்கால் போட்டுவிட்டு வரலாம், ஐந்து நிமிஷம், புதன்கிழமை தாண்டினால் யாருக்கு ஞாபகம். அப்படித்தானே ஏழு வருஷமும் போனது, ஐந்து நிமிஷம் ஐந்து நிமிஷமாக. அடுத்த வருஷம் எட்டாம் வருடம் என்று உறையில் எழுதுவாள் அம்மா. எழுதுவாள், நிறுத்தமாட்டாள். கோர்ட்டுத் தாள் வந்த பிறகும் எழுதுவாள். பிறந்தநாள்காரர்களின் பேர் முடிந்தது. "திருமண நாள் காண்பவர்கள்," என்றார் ஐயர். நாற்பது வருஷத்தைத் தாண்டின ஒரு ஜோடி ஆளுக்கொரு பக்கத்திலிருந்து எழுந்து நடுவில் வந்து சேர்ந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு புது ஜோடி. அப்புறம், "ஆல்வின் ஜெயசீலன், பிரிசில்லா, ஏழாம் ஆண்டு. தம்பி ஜெர்மனில இருக்காங்க, மகள் மட்டும் வந்திருக்காங்க." ஐயரிடமும் அம்மா சொல்லி வைத்திருக்கிறாள். பெஞ்சு முழுக்கத் தலைகள் திரும்பின. அம்மா முழங்கையால் மெதுவாக இடித்தாள். "போ பிள்ளே." அப்புறம் காதோரம் வந்து, ஆசையாக, "அவருக்கும் சேத்து முழங்கால் போட்டுக்கோ."

அந்தச் சொல்தான் அவளை எழுப்பியது. நடுவழியில் தரை குளிர்ந்திருந்தது. ஒவ்வொரு காற்றாடியையும் கடக்கும்போது அதன் காற்று ஒரு தரம் மேலே பட்டுப் போனது. கால் பாட்டுக்கு நடந்தது, கோபம் பின்னால் கை கொடுத்துத் தள்ளினது. பெரியவர்கள் முழங்கால் போட்டாயிற்று, அந்தப் பாட்டி அம்மாளைத் தாத்தா தோளைப் பிடித்து இறக்கிவிட்டார். புது ஜோடியும் போட்டாயிற்று. பிரிசில்லா நின்றாள். ஐயர் நல்ல மனுஷர், ஒவ்வொருவரிடமும் ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் ஜெபிப்பார். அவளிடம் வந்து, "தம்பி எப்பம்மா வாராங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் சபைக்கும் கேட்கட்டும் என்று மைக்கை அவள் பக்கம் நீட்டினார். அவள் வாயைத் திறந்தாள். "வரமாட்டாங்க ஐயரே. அவங்க ஜெர்மனில இல்ல, போரூர்ல இருக்காங்க. நாங்க பிரிஞ்சிட்டோம். வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டாச்சு." குரல் பளிச்சென்று வந்தது. காரில் வந்த அதே குரல். குழந்தை மட்டும் ஏதோ மழலை பேசியது. ஐயர் மைக்கைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மா... அப்பம் ஒரு ஜெபம் பண்ணலாமா?" "மத்தவங்களுக்குப் பண்ணுங்க ஐயரே. பாட்டிக்கு முட்டு வலிக்கும்." திரும்பி நடந்தாள். ஆர்கன் வாசிக்கிற தம்பிக்கு ஒன்றும் ஓடவில்லை போல, ஜெபத்துக்கு முன்னாலேயே வாழ்த்துப் பல்லவியை ஆரம்பித்துவிட்டான். பாதிச் சபை பாடியது, மீதிச் சபை அவளைப் பார்த்தது.

அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. முக்காடு நழுவித் தோளில் கிடந்தது, அதை இழுத்துவிடவில்லை. பிரிசில்லா பெஞ்சுக்குள் நுழைந்து பக்கத்தில் நின்றதும், முன்னால் பார்த்தபடியே கேட்டாள். "வியாழக்கிழமையாட்டி?"

"ஆமா."

"நேத்துப் பூரா எங்கூடத்தான இருந்த. மீன் ஆஞ்சு தந்த. துணி மடிச்ச. பக்கத்துலதான படுத்த." குரல் உயரவே இல்லை, ஆனால் அந்தக் குரலை அவள் இதற்குமுன் கேட்டதில்லை. "எங்கிட்ட சொல்ல உனக்கு மைக் வேணும், என்ன?"

சுருக்கென்று இருந்தது. இருந்தாலும் விடவில்லை. "நீ மட்டும் என்னயக் கேட்டா உறைய எழுதின?"

"கேக்கல," என்றாள் அம்மா. "கேட்டா வேண்டாம்னு சொல்லுவ. அதான் கேக்கல."

முன்னால் ஐயர் மற்றவர்களுக்கு ஜெபித்து முடித்தார், கடைசிப் பாட்டின் எண்ணைச் சொன்னார். ஐவி சித்தி முழுசாகத் திரும்பிவிட்டாள். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரை வரவழைத்து, "கிரேஸ் அக்கா, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலையே," என்று ஆரம்பித்தாள். பால்காரரிடம்கூடக் குரலை உயர்த்தாத அம்மா, எட்டு மாதமாக இந்த ஐவிக்குப் பயந்து ஜெர்மனியையே கட்டி எழுப்பின அம்மா, பக்கத்துப் பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "முன்ன பாத்து நில்லு ஐவி. ஆராதனை இன்னும் முடியல."

ஐவி சித்தி திரும்பிக்கொண்டாள். அம்மா பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள், எண்ணைப் பார்க்காமல் ஏதோ ஒரு பக்கத்தை. ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டு மறுபாதியை நீட்டினாள். காலையில் நீட்டின மாதிரி இல்லை, இந்தா பிடி என்று இடிக்கிற மாதிரி. பிரிசில்லா பிடித்தாள். அவளும் மெதுவாகப் பிடிக்கவில்லை. அது இவர்கள் பாடவேண்டிய பாட்டே இல்லை. சபை வேறொரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. அவள் பக்கம் அவள் இழுக்க, அம்மா பக்கம் அம்மா இழுக்க, நடுவில் அந்தக் கறுப்பு நூல் விறைத்துக்கொண்டு நின்றது.